நுரை சார் மாப்பிள்ளை வீடு பார்த்த கதை

புதுக்கோட்டையில் எந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் எங்கள் நுரை சாரிடமிருந்து யாராலும் காப்பாற்ற முடியாது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெற்றவர்கள் ஏதாவது நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். எங்கள் நகரில் அதைத் தெரிந்தவர் யாருமில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் ஒரு டப்பியில் சோப்புத் துண்டு வைத்திருப்பார்.

எங்கள் பக்கம் காவிரித் தண்ணீர் அதற்கு மனசு வந்தால் வரும். மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர்தான். அதில் குளித்தால் தலைமுடி தேங்காய் நார் ஆகிவிடும். ஷவரில் எல்லா ஓட்டையும் அடைத்துப்போய், மிச்சமிருக்கும் ஒரே ஓட்டை சம்பந்தமில்லாமல் கதவைப் பார்த்துப் பீய்ச்சும். வாளிக்கெல்லாம் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். நாங்கள் பழகிவிட்டோம். நுரை சார் மட்டும் பழகவில்லை.

எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் முதலில், "கை கழுவிக்கிறேங்க" என்று உள்ளே போவார். சோப்பைத் தேய்த்துவிட்டு, நுரை வராத கையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். ஒரு புதுமனை புகுவிழாவில், வீட்டுக்காரர் பூரித்துப்போய் நிற்க, "வீடு அம்சமா இருக்குங்க, தண்ணிதான் வெளங்காது" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். பருப்பைத் தொட்டுப் பார்த்து, "கேன் தண்ணியில வேகவச்சிருக்காங்க" என்று பக்கத்து இலைக்காரரிடம் ரகசியம் சொன்னார். பந்தி முழுக்கக் கேட்டது.

இப்பேர்ப்பட்டவரைத் தங்கைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க அழைத்துப் போனோம் என்றால் அதற்கு அம்மாதான் காரணம். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில் போக வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். வேனில் ஏறிப் பார்த்தால் ஆள் ஒன்று குறைந்தது. தெருவில் வெள்ளை வேட்டியோடு நுரை சார் போய்க்கொண்டிருந்தார். "சும்மாதானே இருக்கீங்க, ஏறுங்க சார்" என்றார் அம்மா.

தங்கை தேவிக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனை அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. என்னை இங்கிட்டு வா என்று வாசல் கேட்டோரம் இழுத்து, "அண்ணே, அந்தச் சோப்ப மட்டும் வாங்கி வச்சுக்க. இதுவும் போச்சுன்னா இனிமே நான் யாரு முன்னாடியும் சேலை கட்டிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்" என்றாள். போகிற வழியிலேயே டப்பியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீடு கந்தர்வக்கோட்டை பக்கம். மாப்பிள்ளையின் அப்பா கலகலப்பான மனிதர். பேச்சு நல்லபடியாகப் போய், அங்கே கை நனைக்கவும் சம்மதித்துவிட்டோம். பிடிக்காத சம்பந்தம் என்றால் யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஆகவே முக்கால்வாசி முடிந்த மாதிரி.

சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. மாப்பிள்ளையின் அம்மா பரிமாறிக்கொண்டிருக்க, எங்களோடு இலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே, "முன்னாடியெல்லாம் நல்லாத்தான் வைப்பா. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள்லேருந்து கைப்பக்குவம் போச்சு. வர்ற மருமகளாச்சும் பருப்பு வேகவைக்கட்டும்" என்றார். மரியாதைக்கு நாங்களும் சிரித்தோம். அந்த அம்மா சிரிக்கவில்லை.

நுரை சார் பாதி இலையில் எழுந்தார். சம்பந்தம் பேசுகிற வீட்டில் பாதி இலையில் எழுவதும், உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்பதும் ஒன்று. நேரே கொல்லைக் குழாய்க்குப் போனார். சோப்புதான் என்னிடம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அந்த வீட்டிலும் சோப்பு இருக்கும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

திரும்பி வந்தவர் ஈரக்கையை மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டினார். "நுரை இருக்கா பாருங்க. இந்தத் தண்ணியில ஒரு சிலிண்டர் தீந்தாலும் பருப்பு வேகாதுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "பொண்ணு குடுக்க வந்தீங்களா, நொட்டை சொல்ல வந்தீங்களா?"

அம்மா என்னை முறைத்தார், ஏதோ நான்தான் அவரை வேனில் ஏற்றிய மாதிரி. அவ்வளவுதான், தேவியிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நுரை சாரின் குரல் இறங்கியது. "கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரியையும் நான் இப்படித்தான் நாலு பேரு முன்னாடி கேலி பண்ணுவேன். வேகலன்னு தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிருக்கேன். அவ போய்ச் சேந்தப்பறம் நானே அடுப்புல வச்சேன். அப்பவும் வேகலங்க."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புருஷனைப் பார்த்து, "கேட்டீங்களா?" என்றார். அவர் தன் இலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சாருக்கு இன்னுங் கொஞ்சம் சாம்பார் ஊத்து" என்றவர், மெதுவாக, "எனக்குந்தான்" என்றார்.

அந்த அம்மா நுரை சாரை மறுபடி இலையில் உட்காரவைத்து, இரண்டு பேருக்கும் ஊற்றிவிட்டு எங்கள் அம்மாவிடம் வந்தார். "நல்ல நாளா பாருங்க. இந்தச் சாரு முன்னாடி நின்னு நடத்தி வைக்கணும்."

வேனில் திரும்பும்போது எல்லாரும் மண்டபம், பத்திரிகை என்று இரைந்து பேசிக்கொண்டு வந்தார்கள். நுரை சார் மட்டும் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரை எனக்கு அன்றைக்கு அவ்வளவு பிடித்தது. சொல்லத் தெரியாமல், எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.