எட்டை மட்டும் மேல தூக்குங்க

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஸ்கூல் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு போர்டு எழுதி வாங்கணும்.

எழுபதுகள்ல, சங்கரன்கோவில்ல நான் வாத்தியாரா சேர்ந்த புதுசு. வேலை இன்னும் நிரந்தரமாகல. கண்காட்சியைப் பாக்க வர்ற கல்வி அதிகாரி கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும்.

"சூரியன் பதினஞ்சு கோடி கிலோமீட்டர் தூரம்னு எழுதிப்போடும் வே, போதும்"னு ஹெட்மாஸ்டர் சொன்னாரு.

போதுமாம்! பி.எஸ்ஸி. படிச்சவன் கோடியில எழுதினா மதிப்பு என்னாகுறது?

1.5 × 10⁸ கி.மீ.ன்னு சீட்டுல எழுதி, பெயிண்டர் அண்ணாச்சிகிட்ட நீட்டினேன்.

அண்ணாச்சி வருஷம் பூரா எழுதுறது கோயில் போர்டு. 108 சங்காபிஷேகம், 108 திருவிளக்கு பூஜை. சாயங்காலம் போய்ப் பாத்தா, 1.5 × 108. எட்டு கீழ இறங்கி, மத்த ரெண்டோட ஜம்முனு உக்காந்திருக்கு.

"அண்ணாச்சி, அந்த எட்டு சின்னதா மேல இருக்கணுமே!"

"கை தவறி மேல எழுதிட்டியளோன்னு நெனச்சு, நான்தான் சரி பண்ணுனேன் சார்வாள்."

"எட்டுப் பத்தை ஒண்ணோட ஒண்ணு பெருக்கணும்னு அர்த்தம் அண்ணாச்சி. மேல தூக்குங்க."

"தூக்கிருதேன். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

போனேன். நிம்மதியா வேற போனேன்.

காலையில போர்டு ஸ்கூல் வாசல்ல உசரத்துல தொங்குது. 108 மொத்தமும் சின்னதாகி மேல போயிருக்கு!

"எட்டை மட்டும் தூக்குனா கோணலா இருந்துச்சு சார்வாள். அதான் மூணையும் சேத்துத் தூக்கிட்டேன்"னு அண்ணாச்சி பெருமையாச் சொன்னாரு.

ஏணி தேடுறதுக்குள்ள அதிகாரி ஜீப் வந்துட்டு.

மனுஷன் அண்ணாந்து பாத்தாரு. உதடு அசைஞ்சுது. ஐயோ, பெருக்குறாரு!

"நூத்தி அறுபத்திரெண்டு கிலோமீட்டர். மதுரையைத் தாண்டிக் கொஞ்சம் போனா சூரியன் வந்துருமோ?"

"சார், அதுல எட்டு மட்டும்தான் மேல இருக்கணும் சார்."

"இருந்தா?"

"பதினஞ்சு கோடி சார்."

"அதைத்தானவே எழுதச் சொன்னேன்!" ஹெட்மாஸ்டர் பல்லைக் கடிச்சாரு.

போச்சு, வேலை போச்சுன்னு நின்னேன்.

அதிகாரி கைக்குட்டையை எடுத்து நெத்தி, கழுத்து எல்லாம் துடைச்சாரு. கைக்குட்டையைப் பிழிஞ்சாரு. அப்புறம் பேனாவைத் திறந்து என் பேருக்கு நேரா கையெழுத்துப் போட்டாரு.

"உங்க ஊர் வெயிலுக்கு நூத்தி அறுபத்திரெண்டே சரியாத்தான் இருக்கும்."