சைக்கிள் கடையில் பிறந்த வெள்ளிப் பெட்டி

"நித்தி, இது உங்கள் ஊர்ப் பக்கத்துக் கைவேலைதானே?" என்று பியர்கிட்டா கேட்டார்.

கண்ணாடிக்குள் இருந்தது வெள்ளிப் பெட்டி. ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்கென்றே அந்தக் காலத்துச் சீனர்கள் மெல்லிய வெள்ளிக் கம்பிகளைப் பின்னிச் செய்தது. நித்தியானந்தனோ யாழ்ப்பாணத்து ஆள். ஆனால் நமக்கெல்லாம் ஒரு வியாதி. வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது.

"ஓம். என்ர அப்பப்பாவும் இதுதான் செய்தவர்."

கோப்பன்ஹேகனில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அவர் தற்காலிகக் காவலாளி. பியர்கிட்டா, சப்பாத்துக் கம்பெனியிலிருந்து அங்கே புதிதாக வந்த மேலாளர். வேலையை நிரந்தரமாக்குவது அவர் கையில்தான்.

"அப்படியென்றால் சனிக்கிழமை விருந்தினர் முன்னால் பேசுங்கள்."

வீட்டில் மனைவி செல்வமலர் சிரிக்கவில்லை.

"உங்கட அப்பப்பா சைக்கிள் கடையெல்லோ வைச்சிருந்தவர்?"

"அதிலயும் கம்பி இருக்குத்தானேயப்பா."

"நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்கோ."

"சொன்னா, திரும்ப மீன் வெட்டத்தான் போகோணும்."

அதனால் மறுநாள் பாதி உண்மை சொன்னார். இது சீன வேலை, அப்பப்பா அங்கே போய்த்தான் பழகினவர் என்று. பியர்கிட்டா கண் கலங்கினார். மாலையே அருங்காட்சியக வாசலில் நித்தியானந்தனின் படத்தோடு பெரிய சுவரொட்டி ஏறியது. "சீனா வரை சென்ற கைவினைஞரின் பேரன்."

மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியாக ஒரு வழி தோன்ற, பியர்கிட்டாவிடம் போனார்.

"என்னைவிட, ஒரு சீன நிபுணர் கதைச்சால் நல்லதெல்லோ?"

"அருமையான யோசனை. இருவரும் சேர்ந்தே பேசுங்கள்."

இப்படித்தான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வேட்டி கட்டி வரச் சொல்லியிருந்தார்கள்; கட்டியிருந்தார். பக்கத்து நாற்காலியில் சீனப் பட்டுச் சட்டையோடு ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். அந்த முகத்தைக் கண்டதும், சீன நிபுணர் இவர்தான் என்று நித்தியானந்தன் முடிவுகட்டினார். இனி வேலையும் போச்சு, மானமும் போச்சு.

அந்த அம்மாவின் பக்கமாகச் சரிந்து, டேனிஷில் கெஞ்சினார். "அம்மா, நான் பிழையாச் சொன்னா, தயவுசெய்து சபையில திருத்தாதேங்கோ. எனக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியாது."

அந்த அம்மாவின் முகம் வெளிறியது.

"ஐயோ, நான் உங்களை நம்பியல்லவா வந்தேன்? நான் பியர்கிட்டாவின் பல் டாக்டர். கொரியாவிலிருந்து கைக்குழந்தையாகத் தத்து வந்து, இந்த நாட்டு ஓல்போர்க் நகரில் வளர்ந்தவள்."