பம்புசெட் தொட்டியில் கடல் பாக்டீரியா

ஆராய்ச்சி மாணவனை வீட்டுக்குள் விடக்கூடாது. விட்டாலும் எதையும் தொட விடக்கூடாது. அப்படி ஒரு மாணவனாக இருந்தவன் சொல்கிறேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்ட சமயம். கடலூர்ப் பக்கம் நான் படித்த கல்லூரியை மூடிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டி ரோடெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்ததால், கள்ளக்குறிச்சி அருகே எங்கள் ஊருக்குப் பாதி தூரம் நடந்தே வந்தேன். கையில் ஐஸ் பெட்டி. அதற்குள் கடல் பாக்டீரியா. (துணிமணியை விடுதியிலேயே விட்டுவிட்டேன்.)

கப்பலடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க விஷப் பெயிண்ட் அடிக்கிறார்கள், அதற்குப் பதில் இந்த பாக்டீரியா சுரக்கும் பொருளே போதும் என்று அப்பாவுக்கு விளக்கினேன்.

“ஊரே படிப்புக்கும் வேலைக்கும் ரோட்ல ஒக்காந்துகினு இருக்குது. நீ படிச்சிட்டு பாசிய பாத்துக்கினு இருக்கிறியா? நம்ம பம்புசெட் தொட்டில பாசி புடிக்காம பண்ணு. முடியலன்னா படிப்ப வுட்டுட்டு கிளார்க் பரீட்ச எழுது.”

மூன்று வருட ஆராய்ச்சி. கிளார்க் பரீட்சைக்குப் போனால் அத்தனையும் வீண். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை, “சரிப்பா” என்றது.

ஆட்டெலும்பு சூப்பில் கல்லுப்பு போட்டு பாக்டீரியாவை வளர்த்தேன். (அம்மா அந்தக் குண்டானை அப்புறம் தொடவே இல்லை.) அதைக் கஞ்சியில் குழைத்துத் தொட்டியின் ஒரு பாதியில் பூசி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். நல்ல தண்ணீரில் கடல் பாக்டீரியா செத்துப்போகும் என்பது முதல் வருடப் பாடம், அவசரத்தில் மறந்துவிட்டேன். பாக்டீரியா செத்தது, சூப்பும் கஞ்சியும் மிஞ்சின. ஊர்ப் பாசிக்கு அப்படியொரு விருந்து அதற்கு முன் கிடைத்ததில்லை.

பத்தாம் நாள் தண்ணீரை வடித்தோம். பூசாத பக்கம் லேசான பச்சை. பூசிய பக்கம் நாற்றங்கால். கிட்டே போய்ப் பார்க்க அப்பா உள்ளே இறங்கினார்.

“இந்தப் பக்கந்தான மருந்து போட்ட?”

“ஆமாம்பா, பாத்து...”

அதற்குள் வழுக்கி விழுந்துவிட்டார். முழங்கை முறிந்தது. பஸ் இல்லாததால் மாட்டு வண்டியிலேயே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் எனக்கு அழுகை. என் படிப்பு முடிந்தது என்றே நினைத்தேன்.

மாவுக்கட்டு போட்டு முடிந்ததும் அப்பா வாயைத் திறந்தார். “பஸ்ஸு வுட்டா மொத பஸ்ல ஏறி காலேஜுக்குப் போய்டு. எத்தினி வருசம் வேணா படி. நீ வூட்ல இருந்தா இன்னொரு கையும் போய்டும்.”

போனேன், முடித்தேன். பட்டச் சான்றிதழ் பெட்டியில் கிடக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா சட்டைக் கையைச் சுருட்டி, கோணலாகச் சேர்ந்த முழங்கையை நீட்டுகிறார்.

“பாத்துக்கங்க. இதான் எம்மவனோட பி.எச்டி.”