பாடு நாள் பிள்ளையும் பொன்னாடையும்

எனக்குப் பொன்னாடை போர்த்தியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அது காய்ந்த நிலையில் என் தோளில் இருந்தது மூன்று நிமிடம். வருத்தமா என்று கேட்பவர்களுக்கு: போங்க, போய் வேற வேலையைப் பாருங்க.

அப்போது நான் சமூகப்பணி படிக்கும் மாணவி. மீஞ்சூரிலிருந்து பஸ் மாறி பழவேற்காடு போய், ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் களப்பணி. கையில் கோப்பு, கழுத்தில் அடையாள அட்டை, தலையில் கனம். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் திரும்ப வரவைப்பது என் பொறுப்பு. தேவி என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாரத்தில் ஓரிரு நாள் காணாமல் போவாள். இப்படியே போனால் படிப்பு நின்றுவிடும் என்று அவள் டீச்சரும் கையை விரித்துவிட்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. (குப்பத்தில் எந்த நண்டைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கும்.) ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை விடலாம் என்பதற்கு ஊரில் முறை உண்டு. அதற்குப் பெயர் பாடு. தேவி வீட்டுக்குப் பாடு வரும் நாளில் அப்பா ஏரியில், அம்மா வசந்தி மீன் கூடையோடு பொன்னேரிச் சந்தையில். கைக்குழந்தை ஜில்லு, தேவியின் இடுப்பில்.

நான் விடுவேனா? வசந்தி அக்காவை உட்காரவைத்து, பெண் கல்வி பற்றி முக்கால் மணி நேரம் பேசி, துண்டுப் பிரசுரமும் கொடுத்தேன். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சர்தாம்மா. இந்த நோட்டீசு எம்புள்ளைய இடுப்புல தூக்கி வச்சுக்குமா?"

"நான் வச்சுக்கறேன்க்கா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பாடு நாளெல்லாம் ஜில்லு என்னிடம், தேவி பள்ளியில். கல்லூரிக்குத் தந்த அறிக்கையில் மட்டும் 'பெற்றோருடன் ஆலோசனை அமர்வு' என்று ஒன்று, இரண்டு எனப் போட்டு ஒன்பது வரை வளர்த்தேன். (ஒன்பதாவது 'அமர்வில்' உண்மையில் நடந்தது ஜில்லுவின் வயிற்றுப்போக்கு.)

அதற்குத்தான் எனக்கு விருது. குழந்தைகள் நலனுக்காக உழைக்கும் மாணவர்களையும் பணியாளர்களையும் பாராட்டும் விழா, பழவேற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. என் நைனா, கூட வேலை பார்க்கிற நாலு பேரை இஸ்திரி போட்ட சட்டையோடு அழைத்து வந்திருந்தார். முன்வரிசையில் தேவி, பக்கத்தில் வசந்தி அக்கா, அவர் மடியில் ஜில்லு.

பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் பேராசிரியை மேடம் மைக்கில், "ஒன்பது ஆலோசனை அமர்வுகள் வழியாக..." என்று தொடங்கினார். "ம்மா!" என்று ஓர் அலறல். ஜில்லு மடியிலிருந்து நழுவி, தவழ்ந்து, மேடையின் இரண்டு படியையும் ஏறி, என் புடவையைப் பிடித்துத் தொங்கினாள். பழக்க தோஷம், தூக்கி இடுப்பில் வைத்துவிட்டேன். வைத்த மறுகணம் பொன்னாடை சூடாக நனைந்தது. போட்டோக்காரர் அந்த நொடியைத்தான் எடுத்தார்.

கல்யாணமாகாத பெண், மேடையில், பிள்ளையோடு! நைனா எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? யாரு புள்ள?"

"ஐயோ, என் புள்ள இல்ல நைனா! பாடு நாள்ல மட்டுந்தான் என் புள்ள!"

பக்கத்தில் மைக் இருந்ததை நான் மறந்துவிட்டேன். தேவி பாவம், என்னைக் காப்பாற்ற எழுந்தாள்.

"அக்கா ஆலோசனையெல்லாம் ஒண்ணும் சொல்லல சார். பாப்பாவைப் பாத்துக்கினாங்க, நான் ஸ்கூலுக்குப் போனேன். அவ்ளோதான்."

(காப்பாற்றிய லட்சணம்!) மேடம் என் பக்கம் திரும்பினார். "அப்போ ஒன்பது அமர்வு?"

"ஒண்ணுதான் மேடம். அதுலயும் அவங்கதான் எனக்கு ஆலோசனை சொன்னாங்க."

"புள்ளை தூக்கறது நம்ம வேலை இல்லைம்மா. நாளையோட உன் களப்பணி முடியுது. அப்புறம் யார் தூக்குவாங்க?"

சுருக்கென்றது. அடுத்த பாடு நாளில் தேவி மறுபடி வீட்டில்தான். பயம் போய் எனக்குக் கோபம் வந்தது.

"அறிக்கையில எழுதினது பொய்தான், ஒத்துக்கறேன். அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போனது பொய்யில்ல. தூக்கறது யார் வேலைன்னு சொல்லுங்க மேடம், இப்பவே கொடுத்துடறேன்" என்று ஜில்லுவை இரண்டு கையாலும் நீட்டினேன். மேடை முழுக்கக் குழந்தைகள் நலம். ஒரு கையும் நீளவில்லை.

கடைசி நாற்காலியில் தன் விருதுக்காகக் காத்திருந்த குப்பத்து அங்கன்வாடி ஆயா எழுந்து வந்தார்.

"குடு இங்க. ரெண்டு வயசு ஆவலன்னுதான் இத்த சேக்கல. பாடு நாள்ல எங்கிட்ட வுடச் சொல்லு. எவன் கேக்கறான்னு நானும் பாக்கறேன்."

ஜில்லு அவரையும் நனைத்தாள். அவருக்காக மடித்து வைத்திருந்த பொன்னாடையை எடுத்து, ஆயா நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

என் விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். களப்பணியை முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள். அதே குப்பம்தான் வேண்டும் என்று மேடத்திடம் அடம்பிடித்து வாங்கினேன். பொன்னாடையை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. (கேட்டுத்தான் பார்க்கட்டுமே!)

தேவி இப்போது பிளஸ் டூ. பாடு நாளிலும் பள்ளிக்குப் போகிறாள். ஜில்லு என்னைக் கண்டால் வெட்கப்பட்டு ஓடுகிறாள். நைனா அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். எங்கள் சொந்தத்தில் யாருக்கு எந்த மேடையில் பொன்னாடை போர்த்தினாலும், கூட்டத்திலிருந்து அவர் குரல் வரும்:

"சீக்கிரம் போட்டோ எடுப்பா, நனையறதுக்குள்ள!"