பேப்பர் பையும் மூன்றாவது பொத்தானும்

உலகத்திலேயே மிளகாய் பஜ்ஜிக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கிய ஒரே மனிதன் என் வகுப்புத் தோழன் பேப்பர் பைதான். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில், என் கண் முன்னாலேயே நடந்தது. சூடான பஜ்ஜியைக் காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து ஒட்டி, மேலே ஒரு சீட்டு வேறு ஒட்டினான். என்ன பொருள், எடுத்தவர் யார், எத்தனை மணிக்கு, சாட்சி யார்.

"மச்சி, சாட்சி போடு."

"பஜ்ஜிக்கு இன்னாடா சாட்சி? பசி உயிர் போவுது!"

"கை மாறுற பொருளுக்கு சீட்டு வோணும். நாளைக்கி கோர்ட்டுல கேட்டா இன்னா சொல்லுவ?"

கோர்ட்டில் பஜ்ஜியைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று வாதாடத் தெம்பில்லை. சாட்சி என்ற இடத்தில் 'உத்திரமேரூர் மகாராஜா' என்று எழுதிக் கொடுத்தேன். பிரித்தபோது எண்ணெய் முழுக்கப் பைக்குப் போயிருந்தது. எனக்குக் கிடைத்தது வெறும் மாவும் காரமும்.

நாங்கள் இருவரும் தடயவியல் இளநிலைப் படிப்பில் இறுதியாண்டு. டிவியில் வெள்ளைக் கோட்டு போட்டவர் கண்ணாடியைக் கழற்றினால் கொலைகாரன் மாட்டிக்கொள்கிறானே, அதைப் பார்த்துச் சேர்ந்தவன் நான். ஒரு மாத இன்டர்ன்ஷிப்பில் நான் கற்ற வித்தை, டீ சிந்தாமல் மாடி ஏறுவது.

அங்கே ஒரு நாள், பயிற்சிக்குக் கொடுத்த ஈரத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த பேப்பர் பை பாய்ந்து வந்து கவரைக் கிழித்தான்.

"ஈரத்த கவர்ல கட்டாதடா! நெழல்ல காய வெச்சி பேப்பர் பையில போடணும். பூஞ்சை துன்னுட்டா வூட்டுக்காரங்க இன்னாத்தப் பாத்து அடையாளம் சொல்லுவாங்க?"

சொல்லிக்கொண்டே துணியை எடுத்து நிழலில் விரித்தான். நான் சிரித்தேன். எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அவனுக்கு 'பேப்பர் பை' என்று பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான், நான்தான்.

அவன் எடுத்துக்கொண்ட ஆய்வும் அதுவே. ஈரத் துணியைப் பிளாஸ்டிக்கிலும் காகிதத்திலும் கட்டி வைத்தால் எதில் என்ன மிஞ்சும்? பெருநகர் என்ற அவன் கிராமத்தில், வீட்டுப் பின்னால் இருந்த ஆட்டுக் கொட்டகைதான் ஆய்வுக்கூடம். ஹாஸ்டல் கொடியில் காய்ந்த என் நீலச் சட்டை ஒரு நாள் காணாமல் போனது.

"பாதிய வெட்டிட்டேன் மச்சி. சுத்தமான பருத்தி. கெடைக்கவே மாட்டேங்குது."

"மீதிப் பாதிய குடுடா."

"அது கன்ட்ரோல் சாம்பிள், ஒப்பிட்டுப் பாக்க. தொடக் கூடாது."

என் பிறந்த நாள் சட்டை. கன்ட்ரோல் செய்துகொண்டது நான்தான்.

வாரா வாரம் மாதிரிகளோடு கல்லூரிக்குப் பேருந்தில் வருவான். ஊருக்குப் போய்விட்டு நானும் அவனோடு வந்த ஒரு நாள், கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"யோவ், இன்னாய்யா அது, கருவாடா?"

"இல்லண்ணா, சட்டை. அண்ணா, இந்தச் சீட்டுல ஒரு சாட்சி..."

"காலங்காத்தால பேஜாரு பண்ணாத, எறங்கு!"

இறங்கினோம். அந்த வெயிலில் நடந்தபோது நான் திட்டிய திட்டு எதுவும் அச்சில் வராது.

நான்காவது மாதம் கொட்டகையில் ஒரு கவரைப் பிரித்தான். என் நீலச் சட்டை கறுப்புக் கூழாக, ஊறிய அப்பளம்போல் பிய்ந்து வந்தது. பொத்தான்கள் மட்டும் தைத்த நூலோடு அப்படியே இருந்தன.

"நூலு பாலியஸ்டர் மச்சி! பூஞ்சை தொடல. அப்டியே கீது பாரு!" என்று ஆடுகளுக்கு நடுவே குதித்தான்.

"நூல வெச்சிக்கினு இன்னா பண்றது, பட்டம் வுடறதா?"

குதிப்பது நின்றது. "ஞாயித்துக்கெழம வா, அம்மா வூட்டுல இருக்கும். ஒரு சாட்சி வோணும்" என்றான்.

போனேன். அவன் அம்மா நாற்று நடப் போகிறவர். நெற்றி நிறையப் பொட்டு. "வா நைனா, குந்து. நாஷ்டா துன்னியா?" என்றார். பேப்பர் பை பரணிலிருந்து, பல வருடமாகக் கட்டு அவிழ்க்காத ஒரு பிளாஸ்டிக் கவரை இறக்கினான்.

ஏழு வருடங்களுக்கு முன் அவன் அப்பா கட்டட வேலைக்கு வெளியூர் போனவர். பிறகு அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. எங்கோ மழையில் ஒருவர் விழுந்து இறந்திருக்கிறார். சட்டைப் பையில் உத்திரமேரூர் பஸ் டிக்கெட். தகவல் பெருநகருக்கு வந்து சேர்வதற்குள் யாரென்று தெரியாமலே புதைத்துவிட்டார்கள். போலீஸ்காரர்கள் ஈரச் சட்டையைக் கவரில் கட்டி, பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்தனுப்பினார்கள்.

"கறுப்பா ஒரே கூழு. ஆமான்னு சொல்லவும் வாய் வரல, இல்லன்னு சொல்லவும் முடியல. கட்டி மேல போட்டுட்டேன்" என்றார் அம்மா. "போற அன்னிக்கி மூணாவது பொத்தான் அறுந்துபோச்சி நைனா. வெள்ள நூலு இல்ல. என் ஜாக்கெட்டு நூலுல, சேப்பு, குறுக்க குறுக்க தச்சேன். இன்னாடி பொத்தானுக்கு பொட்டு வெச்சிட்டன்னு சிரிச்சிக்கினே போனாரு."

நூல் மிஞ்சும் என்று தெரியாமல் அந்தக் கவரைப் பிரிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. நான்கு மாதம் என் சட்டையை அழுக வைத்தது அதற்காகத்தான்.

செய்தித்தாளை விரித்தான். கையுறை போட்டுக்கொண்டான். துணி துணியாக வரவில்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். முதல் பொத்தான், வெள்ளை நூல். இரண்டாவது, வெள்ளை நூல். மூன்றாவது எடுக்கும்போது அவன் கை நின்றது.

சிவப்பு. குறுக்கே குறுக்கே.

எனக்கு எந்த நேரத்திலும் ஒரு ஜோக் வரும். அன்றைக்கு வரவில்லை.

அம்மா அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "நான் தச்சதுதான்" என்றார். பின்பக்கம் திருப்பிப் பார்த்து, "கொஞ்சங்கூட வெளுக்கல பாரேன்" என்றார். எழுந்து உள்ளே போனார். கணவர் வந்தால் போட என்று ஏழு வருடமாக நிமிர்த்தியே வைத்திருந்த சோற்றுத் தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்தார். அந்தச் சத்தத்தில்தான் பேப்பர் பை உடைந்து அழுதான்.

அழுதுகொண்டே பொத்தானைக் காகிதப் பையில் போட்டு ஒட்டினான். "சாட்சி போடு மச்சி."

மகாராஜா, கருவாட்டு வியாபாரி, ஆடு நம்பர் இரண்டு என்றெல்லாம் அதுவரை அவன் சீட்டுகளில் கிறுக்கியவன் நான். அன்று என் பெயரை, என் அப்பா பெயரோடு, நிறுத்தி நிதானமாக எழுதினேன்.

இப்போது அவன் வெளியூரில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். நான் உத்திரமேரூரில் செல்போனுக்குக் கவர் விற்கிறேன். அத்தனையும் பிளாஸ்டிக். பொங்கலுக்குப் பொங்கல், அவன் அம்மா சுட்ட முறுக்கு, அவன் ஒட்டிய காகிதப் பையில் கடைக்கு வந்துவிடும். தொட்டாலே தெரியும், எல்லாம் நொறுங்கிப் போயிருக்கும். மேலே அதே சீட்டு, சாட்சி இடம் மட்டும் காலியாக. கடையில் கூட்டம் இருந்தாலும் சரி, முழுப் பெயரையும் எழுதி, மை காய்ந்த பிறகுதான் பிரிக்கிறேன்.