வழியனுப்பத் தெரியாத பாஷை

மாலை ஐந்து மணிக்கு, மைத்துனர் மாரடைப்பில் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது, பாஷைக்காரர் குட்டிச்சாத்தான்கள் கொட்டாவி விடுவதற்கு ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தார்.

பாஷைக்காரர் என்ற இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு அட்டைக் கிரீடம் சூடி, இல்லாத ராஜ்யத்தை ஆளும் விளையாட்டுக்காக, இல்லாத மொழியைப் படைப்பவர். வாளுக்கு நாற்பது சொல்லும் டிராகனின் ஏப்பத்துக்கு வேளைக்கொன்றும் வைத்திருப்பவர். பேருந்தில் யாராவது தும்மினால், அந்த ஒலியை எதிரி நாட்டுத் தளபதிக்குப் பெயராக வைத்துவிடுபவர். ஆனால் மனைவி என்ன கேட்டாலும் "ம்" என்ற ஒற்றை எழுத்தில் முடித்துக்கொள்பவர்.

இந்த மொழியை யார் பேசுவார்கள்? இரண்டு பேர். கூட்டாளிகள் முதல் பாடத்திலேயே கழன்றுகொண்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மைத்துனர் மட்டும், லென்ஸ் துடைத்தபடியே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அத்தான், கெளம்பும்போது சொல்ல ஒரு வார்த்தை போடுங்களேன். போயிட்டு வரேங்கிற மாதிரி."

"நம்ம வீரனுங்க சொல்லிட்டுப் போற ரகம் இல்லப்பா. திரும்பியே பாக்க மாட்டாங்க."

"வீரனுங்க சரி. நான் கடையப் பூட்டிட்டு வீட்டுக்குப் போகணுமே."

"அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் வந்துவிட்டது. கூடத்தில் மைத்துனரைக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய மகள் பாஷைக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அப்பாவுக்கு உங்க பாஷைன்னா உசுரு. அதுலயே அவர வழியனுப்புங்க."

பாஷைக்காரர் வாயைத் திறந்தார். வாள்கள் வந்தன. ஏப்பங்கள் வரிசையில் நின்றன. வாயை மூடிக்கொண்டார்.

"என்னங்க, மரமாட்டம் நிக்கிறீங்க?" என்றாள் மனைவி, அழுகைக்கு நடுவே. "நம்ம பேச்சுலயாவது சொல்லுங்க. என் தம்பிய எடுக்கப் போறாங்க."

அதுவும் வரவில்லை. புழக்கம் விட்டுப்போயிருந்தது. எடுத்தார்கள், போனார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம் அட்டைக் கிரீடம் இல்லை, டிராகன் இல்லை. உங்கள் பேச்சில் அந்தச் சொல் யாரும் படைக்கத் தேவையில்லாமல் தயாராகவே இருக்கிறது. இன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பும்போது அதை யாரிடம் சொன்னீர்கள்?

குட்டிச்சாத்தான் கொட்டாவிக்கு மறுவாரமே அருமையான சொல் அமைந்துவிட்டது. மைத்துனர் கேட்டதை இன்னும் போடவில்லை.