சக்களத்தி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறாள்

அன்பும் அளவுக்கு மேலே பொறுமையும் கொண்ட என் தங்கச்சிக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனா போனது. ஆனால் முப்பத்தோரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன், சோதித்துப் பார்க்காத எதையும் எழுத்தில் கொடுக்கமாட்டேன். என் முழங்கால் இரண்டும் நேற்று மத்தியானத்திலிருந்து என் பேச்சைக் கேட்பதில்லை. நீ பயிற்சிக்குப் போன ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தூங்கியிருக்கமாட்டாய் என்றும் தெரியும்.

நீ ஒப்படைத்த வேலையை முடித்துவிட்டேன். மாப்பிள்ளை எங்கோ வெளிநாட்டில் ஓடிய அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்திய நாளிலிருந்து உனக்கு நிம்மதி இல்லை. அதற்குச் சக்களத்தி என்று நீதான் பெயர் வைத்தாய். பயமாக இருக்கிறது என்று சொன்னால் அவர் சிரிப்பார் என்று நினைத்து, பயத்தை முழுங்கிவிட்டு மைலேஜைப் பிடித்துக்கொண்டாய். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டருக்குக் குறையாது என்று அவர் சொல்ல, குறைந்தால் விற்றுவிட வேண்டும் என்று நீ சொல்ல, "மச்சான் அளந்து சொல்லட்டும், அவர் கையெழுத்துப் போட்டுட்டா நான் மறுபேச்சு பேசமாட்டேன்" என்று அவர் சொல்ல, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என்னைக் கொண்டுபோய் அந்த வண்டிக்குள் திணித்துவிட்டீர்கள். போனில் சொல்லாதே, எழுத்தில் கொடு என்றாய். இதோ எழுத்து. கடைசித் தாளில் சான்று இருக்கிறது, அதை மட்டும் அவரிடம் காட்டு. மற்ற தாள்களைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, அவற்றில் என் மானம் இருக்கிறது.

உள்ளதைச் சொல்கிறேன், பத்துக்குக் கீழே வரவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் நானும் ஏறினேன். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. அவள் புருஷன் ஏதாவது ஒரு வளைவில் ஏதாவது ஒரு மரத்தைத் தேடிப் போய் மோதிக்கொள்ள நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனாக இருக்கக்கூடாது. ஆனால் ஆய்வாளர் ஒரு பக்கம் சாயவும் கூடாது. மனசு சாய்ந்தால் சாயட்டும் என்று விட்டுவிட்டு, கை சாயாமல் பார்த்துக்கொண்டேன்.

முறை எளிதுதான். பெட்ரோல் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, மீட்டரைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். ஊருக்குள், நெடுஞ்சாலையில், மலையில் என்று மனிதர்கள் நிஜமாக ஓட்டுகிற மாதிரி ஓட்ட வேண்டும். திரும்பி வந்து அதே பெட்ரோல் பங்க்கில், அதே பம்ப்பில், அதே இடத்தில் நிறுத்தி மறுபடியும் விளிம்பு வரை நிரப்பினால் எவ்வளவு பிடிக்கிறதோ, அவ்வளவுதான் செலவு. முதலில் பம்ப்பையே சோதிக்க வேண்டும் என்று என் பழைய ஐந்து லிட்டர் அளவுக் கேனை வெளியே எடுத்தேன். பின்னால் ஒன்பது வண்டி நின்றது. பங்க்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சார், நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்களே" என்றார், அதில் வருத்தம்தான் அதிகம். பம்ப் சரியாகத்தான் இருந்தது. குழாய் டக்கென்று தானாக நின்ற பிறகும், எனக்கு விளிம்பு தெரியவில்லை, இன்னும் விடுங்கள் என்றேன். இன்னும் விட்டார். இன்னும் என்றேன். பொங்கி வழிந்து மாப்பிள்ளையின் செருப்பு நனைந்தது. அவர் துணியால் துடைக்க, பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்க, அந்த வாசனையில் யாராவது ஒரு பொறி தட்டினால் இரண்டு வீடும் ஒரே நாளில் அழவேண்டியிருக்குமே என்று அங்கேயே எனக்கு வியர்க்கத் தொடங்கிவிட்டது. வண்டி இன்னும் நகரவே இல்லை, கவனி.

அதில் ஏறுவது என்று சொல்வதே தப்பு, இறங்கத்தான் வேண்டும். தரையில் கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஊருக்குள் முப்பத்திரண்டு ஓடியது, அதில் பாதி நேரம் சிக்னலில் லாரிகளின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிச் சக்கரம் காதுக்கு நேராக நின்றால் மனிதனுக்கு என்னென்ன ஞாபகம் வரும் தெரியுமா, உயில் எழுதாதது ஞாபகம் வரும். கண்ணாடி உடைந்து கண்ணில் குத்திவிடப்போகிறது என்று என் படிக்கிற கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு, கூட்டைக் கதவுப் பையில் சொருகினேன். மீட்டரில் எண்கள் பெரிதாகத்தான் தெரிந்தன, அது போதும் என்று நினைத்தேன்.

நெடுஞ்சாலையில் திரும்பியதும் மாப்பிள்ளை காலை அழுத்தினார். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது, என் தலை சீட்டில் ஒட்டிக்கொண்டது. மரங்கள் மரங்களாக இல்லை, பச்சையாக ஒரு சுவர் ஓடியது. கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எவ்வளவு வேகம் மாப்பிள்ளை என்றேன். "எழுபதுதானே மச்சான்" என்றார். எட்டிப் பார்த்தேன், முள் எழுபதில்தான் நின்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுபதில் போகிற பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியவன் நான். வயசாகிவிட்டது, தைரியம் கரைந்துவிட்டது, இனிமேல் வீட்டில் இருந்து செடிக்குத் தண்ணீர் விடத்தான் லாயக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு நேரான இடத்தில் முள் தொண்ணூறைத் தொட்டது. அப்போது நான் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன், அவரே சொன்னார். அந்தக் காலத்தில் ஆபீஸ் ஜீப்பில் இரண்டு மணி நேரம் உலுக்கி எடுத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அணைக்கட்டுக்கு ஐம்பத்தைந்து நிமிஷத்தில் போய்விட்டோம். ரோடு நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று அரசாங்கத்தை மனசாரப் பாராட்டினேன்.

பத்துக்கு ஒரு முறை மீட்டரை நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். நோட்டையும் இதனுடன் வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் எழுத்து இருக்கும், மூன்றாம் பக்கத்தில் கோடுதான் இருக்கும். மலையேறும்போது ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது, அந்த இடத்தில் எண் எழுதவேண்டிய கட்டத்தில் அம்மா என்று எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை. பதிவேட்டில் திருத்தக்கூடாது.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். வண்டியின் எடை மாறினால் கணக்கு மாறும் என்பதால் வழியில் எதையும் ஏற்றவோ இறக்கவோ கூடாது என்று புறப்படும்போதே நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். உன் அண்ணி கொடுத்தனுப்பிய இரண்டு லிட்டர் தண்ணீரை நான் பயத்தில் மலையடிவாரத்திலேயே குடித்துவிட்டேன். குடித்த தண்ணீர் வண்டிக்குள்தானே இருக்கிறது, எடை மாறவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். மலை உச்சிக்குப் போகும்போது அந்த எடை என்னை வெளியே விடு என்று கெஞ்சியது. மாப்பிள்ளை இரண்டு முறை, "மச்சான், ஓரமா நிறுத்தட்டுமா" என்று கேட்டார். வேண்டாம், கணக்குத் தப்பிவிடும் என்றேன். ஒரு மனிதன் ஒரே நேரத்தில் எத்தனை விஷயத்துக்குப் பயப்பட முடியும் என்பதை நேற்று அளந்துவிட்டேன், நான்கு.

உச்சியில் அவராகவே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினையும் அணைத்தார். கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது, நான் பார்க்கவில்லை. "மச்சான், பயமா இருக்கா" என்று கேட்டார். உனக்கு மூத்தவன், ஒருகாலத்தில் சந்தையே என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கும். இருந்தாலும் ஆமாம் மாப்பிள்ளை, ரொம்பப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவளும் இப்படித்தான் கதவைப் பிடிச்சுப்பா. கேட்டா கை வலிக்குதுன்னு சொல்வா. அவ வந்தா நான் நாற்பதைத் தாண்டறதே இல்ல மச்சான், அதுக்கே அப்படி" என்றார். இறங்கும்போது வண்டியை உருட்டிக்கொண்டு போகிற மாதிரி மெதுவாக இறக்கினார். நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைக்கப் போனவரைக் கணக்குக்காக நான்தான் தடுத்தேன், பழையபடியே ஓட்டுங்கள் என்று. அதைச் சொன்ன வாய் யாருடையது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பங்க்கில் அதே பம்ப், அதே இடம், பங்க்காரர் மட்டும் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு மறைந்துவிட்டார், வேறொருவர் நிரப்பினார். முப்பத்தொன்று புள்ளி இரண்டு லிட்டர் பிடித்தது. மீட்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு. பேசி வைத்தபடி நோட்டை மாப்பிள்ளையிடம் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. "நீங்க எழுதறதுதான் மச்சான் முடிவு" என்று சொல்லி என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். நான் முதலில் போகவேண்டிய இடத்துக்கு ஓடினேன், பிறகு உன் அண்ணியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டேன். ஆறு புள்ளி ஏழு ஒன்பது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதுதான். தங்கச்சி, நீ ஜெயித்துவிட்டாய், இனிமேல் நிம்மதியாகத் தூங்கு. சந்தோஷத்தில் உன் அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள், "பாவம், அந்த மனுஷன் உங்களை அவ்வளவு நம்பறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பயிற்சியில் எல்லோருக்கும் முன்னால் நிற்க ஆசீர்வாதம் உண்டு, உட்கார்ந்தபடியே செய்திருக்கிறேன், குறை நினைக்காதே. அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

(கடைசித் தாள்)

சான்று

மேற்படி வண்டியில் நானே அமர்ந்து அளந்தது. ஓடிய தூரம் இருநூற்றுப் பன்னிரண்டு. செலவான பெட்ரோல் முப்பத்தொன்று புள்ளி இரண்டு லிட்டர். ஆக, லிட்டருக்கு ஆறு புள்ளி ஏழு ஒன்பது.

இப்படிக்கு,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மை காய்ந்த பிறகு, இன்று காலை மாப்பிள்ளை என் கண்ணாடிக் கூட்டைக் கொடுத்துவிட்டுப் போக அதே வண்டியில் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் பழைய பழக்கத்தில், அளந்த கருவியையும் ஒரு தடவை சோதித்துவிடலாமே என்று மீட்டரைக் குனிந்து பார்த்தேன். எண்களுக்குக் கீழே கடுகளவில் எழுத்து இருந்தது. அது கிலோமீட்டர் இல்லை. "மைல்தான் மச்சான், வண்டி வந்த நாட்டுல அப்படித்தான். ஏன் கேக்கறீங்க" என்றார். சும்மாதான் என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் பொய்.

இருநூற்றுப் பன்னிரண்டு மைல் என்றால் முந்நூற்று நாற்பத்தோரு கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்து புள்ளி ஒன்பது மூன்று. அவர் சொன்னது சரி. எழுபது என்றது நூற்றுப் பதின்மூன்று, தொண்ணூறு என்றது நூற்று நாற்பத்தைந்து. இதை எழுதும்போது நான் நாற்காலியில் இல்லை, தரையில் உட்கார்ந்திருக்கிறேன், அண்ணி விசிறுகிறாள். மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை, அலகைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கடைக்காரராக இருந்தால் வழக்குப் போட்டிருப்பேன். ஆனால் மேலே என் சான்றைப் பார், இருநூற்றுப் பன்னிரண்டு என்றுதான் நானும் எழுதியிருக்கிறேன், இருநூற்றுப் பன்னிரண்டு என்ன என்று எழுதவில்லை. என் மேலும் அதே வழக்குத்தான்.

கையெழுத்துக்கும் இந்தப் பின்குறிப்புக்கும் நடுவே நான்கு விரல் இடம் விட்டிருக்கிறேன். கத்தரிக்கோல் போக அது போதும். வெட்டு என்றும் சொல்லவில்லை, வெட்டாதே என்றும் சொல்லவில்லை, இங்கிருந்து எனக்குத் தெரியவும் தெரியாது.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒன்று. அவர் உன்னோடு போகும்போது தாண்டாத அந்த நாற்பது, அறுபத்து நான்கு. இத்தனை நாளும் நீ அறுபத்து நான்கில் உட்கார்ந்துகொண்டு, நாற்பதுக்கே இப்படிப் பயப்படுகிறோமே என்று வெட்கப்பட்டு, கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். எனக்கும் எழுபதில் அந்த வெட்கம்தான் வந்தது. வெட்கப்படாதே. பயமாக இருக்கிறது என்று அவரிடம் நேராகச் சொல்லிவிடு, நான் சொன்னேன், சிரிக்கவில்லை. உன் பயத்தில் ஒரு கிராம் கூட அதிகம் இல்லை, சரியான அளவுதான். இதற்கு மட்டும் கீழேயும் ஒரு கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்